வேலைவாய்ப்பு விவாதத்தில் பேசிய சட்டமன்ற உறுப்பினருக்குப் பந்தலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

இளைஞர் வேலைவாய்ப்பு பற்றிப் பேரவையில் நீங்கள் பேசியதை வீடியோவில் முழுசாகப் பார்த்தேன். மலைப்பகுதிப் பிள்ளைகள் அரசு வேலைதான் வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள், சொந்தத் தொழில் தொடங்கத் துணிவதில்லை, கீழே இறங்கி வேலைக்குப் போகவும் மனசில்லை என்றீர்கள். அதற்கு முன்னால் பயிற்சிக்கு இவ்வளவு கோடி, மானியத்துக்கு இவ்வளவு கோடி என்று வாசித்தீர்கள். மேஜையைத் தட்டினார்கள். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து அந்தத் தொகை போதாது என்றார். அவருக்கும் தட்டினார்கள். அந்தக் கோடிகளால் யாருக்கு வேலை கிடைத்தது, கிடைத்தவர் இன்றைக்கும் அந்த வேலையில் இருக்கிறாரா என்று இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உங்கள் பெயரையும் கட்சியையும் தொகுதியையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஆட்சி மாறினால் உறுப்பினர்கள் உட்காரும் வரிசை மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. பெயர் போட்டால் இது கட்சிச் சண்டையாகிவிடும், கேள்வி காணாமல் போய்விடும்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் இதுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் வேலை தேடுகிற பிள்ளை ஏதாவது ஒரு நாள் என் கடைப் படி ஏறித்தான் ஆக வேண்டும். சோம்பேறிகளும் உண்டு. எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் மொத்தத்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்னால், அவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று நீங்கள் தெரிந்துகொண்டிருக்கலாம்.

முதலில் அரசு வேலை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் என் கடையில் இருட்டும் வரை கூட்டம். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து வருஷம் செல்லும். தேர்வுக் கட்டணம் 100. போட்டோ 20லிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 10லிருந்து 20 கேபிக்குள். மழையில் கரண்ட் போகும், அதோடு நெட்டும் போகும். பாதையில் யானை நிற்கிறது, பார்த்து வா என்று வீட்டிலிருந்து போன் வரும். கடைசி பஸ்ஸை விட்டால் ஜீப்புக்குக் காசு தேட வேண்டும். அப்படியும் விண்ணப்பத்தை முடிக்காமல் போக மாட்டார்கள்.

2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலையில். நடுவில் கொரோனா, சரி. அந்த 2022 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். முடிவு வந்தது 2023 மார்ச்சில், எட்டு மாதம் கழித்து. 2025இல் அறிவித்தபோது இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13.89 லட்சம். ஒரு இடத்துக்கு 350 பேருக்கு மேல். முடிவு வரும்வரை பிள்ளைகளால் வேறு ஊரில் ஒரு வேலையில் நிலைக்கவும் முடியாது, வீட்டில் நிம்மதியாக இருக்கவும் முடியாது. உட்கார்ந்திருக்கிறார்கள் என்றீர்கள். உட்கார வைத்தது யார்?

அரசு வேலை மேல் இவ்வளவு ஆசை ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். எங்கள் தாலுகாவில் ஒன்றாம் தேதி சம்பளமும், பி.எஃப்.பும், உடம்பு சரியில்லாவிட்டால் லீவும் தருகிற வேலை என்று விரல் விட்டு எண்ணினால் பெரும்பாலும் அது அரசு வேலையாகத்தான் இருக்கும்.

அடுத்து உதவித்தொகை. போன மழைக்காலத்தில் பி.காம் முடித்த பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். எடை போட்டுவிட்டு நேராக வந்ததால் இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கல்லூரியில் படிக்கும்போது மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் இங்கே பல பெண்கள் பிளஸ் டூவோடு நின்றிருப்பார்கள். படிப்பு முடிந்ததும் பணம் நின்றுவிட்டது. வேலையில்லாதவர்களுக்கு அரசு ஏதோ கொடுக்கிறதாமே என்று கேட்டு வந்திருந்தார்கள்.

விதியை வாசித்துக் காட்டினேன். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். மூன்று வருஷம் கிடைக்கும். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் பதிவைப் புதுப்பிக்கத் தவறியிருக்கக் கூடாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

"அஞ்சு வருஷம் கழிச்சு அறுநூறு ரூபாயா? அதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிரும் புள்ள" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

படிக்கும்போது 1,000, படித்து முடித்து ஐந்து வருஷம் சும்மா இருந்தால் 600. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த 72,000ஐயும் கொஞ்சம் பாருங்கள். தோட்டத்தில் நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மாதம் 25 நாள் வேலை என்றும் வைப்போம். வருஷத்துக்கு 1,20,000. அதாவது கொழுந்து எடுக்கும் ஒரே ஒரு அம்மாவின் கூலியே வரம்பைத் தாண்டிவிடுகிறது. சட்டப்படி பார்த்தால் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு இந்தப் பணம் கிடைக்கவே கூடாது. அதனால்தான் தமிழ்நாட்டில் வருமானச் சான்று வாங்கும் ஏழைகள் எல்லாருக்கும் அதிசயமாக ஒரே வருமானம் இருக்கிறது, 72,000. சான்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், வரம்பை வைத்திருக்கும் துறைக்கும் தெரியாமல் இருக்காது.

அப்புறம் நீங்கள் சொன்ன சொந்தத் தொழில். ஐ.டி.ஐ.யில் படித்த ஒரு தம்பி பைக் ஒர்க் ஷாப் போடலாம் என்று வந்தான். அரசின் சுயதொழில் திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. விண்ணப்பம், திட்ட அறிக்கை, கம்ப்ரஸர், ஸ்பேனர் செட் எல்லாவற்றுக்கும் விலைப்புள்ளி எல்லாம் நானே ஏற்றிக் கொடுத்தேன். தேர்வுக் குழு நேர்காணலில் தேறிவிட்டான். வங்கியில் நின்றுவிட்டது. ஷெட் போடப்போகிற இடத்துக்குப் பட்டா கேட்டார்கள். அவர்கள் வீடு இருப்பது பிரிவு 17 நிலத்தில்.

பிரிவு 17 என்றால் என்ன என்று கீழ்நாட்டு உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி ஒருகாலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். 1969இல் அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 17ஆம் பிரிவில் வரும் குத்தகை நிலங்களின் கதி முடிவாகாமல் அரை நூற்றாண்டாக இழுக்கிறது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் கரண்ட் இணைப்பு வாங்கவே பல குடும்பங்கள் வருஷக்கணக்கில் அலைந்திருக்கின்றன. வீட்டு விளக்குக்கே இந்தப் பாடு என்றால் ஒர்க் ஷாப் மோட்டாருக்கு என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

சிறு தொழில் கடனில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. அந்தத் தம்பி கேட்ட கடன் அதற்கும் குறைவுதான். அதை எடுத்துச் சொன்னால், "ஈடு கேட்கலம்மா, இடத்துக்கு ஆதாரம்தான் கேட்கிறோம்" என்கிறார்கள். சரி, கடன் இல்லை என்பதையாவது எழுத்தில் கொடுங்கள் என்றோம். தரவில்லை. அப்படியானால் அரசின் கணக்கில் அவன் விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கும், மறுக்கப்பட்டதாக ஆகாது. அவன் இப்போது கேரளாவில் சுல்தான் பத்தேரியில் வேறு ஒருவர் ஒர்க் ஷாப்பில் கூலிக்கு நிற்கிறான். இவன்தான் உங்கள் பேச்சில் வந்த, துணிச்சல் இல்லாத மலைப்பிள்ளை.

கீழே இறங்கிப் போக மனசில்லை என்றது எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. தமிழ்நாடு வளர்ந்துகொண்டிருந்த அந்தப் பத்து வருஷத்தில் எங்கள் மாவட்டம் 26,747 பேரால் சுருங்கியது. அதற்குள் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இறங்கிப் போனவர்கள் எவ்வளவு பேர் என்று புரியும். விடுமுறை முடிந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகும் பஸ்களில் ஏறிப் பாருங்கள். பனியன் கம்பெனியும் மில் ஹாஸ்டலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிய இடங்கள். ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 5,000 பேருக்கு மேல் வேலை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அது மூடிய பிறகு அந்த அளவில் ஒரு இடம் இந்த மலையில் வரவில்லை.

எங்கள் பக்கம் இருந்தது டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். 1964 சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்த 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னால் இந்தக் கழகமானது. என் தாத்தா பாட்டி அப்படி வந்து இறங்கியவர்கள்தான். 2022இல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டது. நட்டம் என்றார்கள், தொழிலாளர் கிடைக்கவில்லை என்றார்கள். காட்டுக்கு நிலம் திரும்புவதை நான் எதிர்க்கவில்லை. யானைக்கும் வழி வேண்டும். ஆனால் ஒரே தாலுகாவில் ஒரு அரசு நிறுவனம் ஆள் இல்லை என்கிறது, இன்னொரு பக்கம் அரசு அலுவலகத்தில் வேலை இல்லை என்று பிள்ளைகள் பதிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் உண்மை. தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நிலையில், பி.எஸ்சி. படித்தவன் தேயிலைச் செடி வெட்டும் மட்டக்கத்தி எடுப்பதை வேலைவாய்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தோட்டங்களில் பதப்படுத்துதல், பொட்டலமிடுதல், விற்பனை என்று படித்த பிள்ளைக்கு ஏற்ற வேலை உருவாக்கலாமா என்று பேரவையில் யாராவது கேட்டீர்களா?

இப்போது நீங்கள் வாசித்த கோடிகளுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு திறன் பயிற்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் விண்ணப்பங்களை ஏற்றியவள் நான்தான். தையல் மிஷின் பயிற்சி. தினமும் கைரேகை வருகைப்பதிவு, கடைசி நாளில் சான்றிதழோடு குரூப் போட்டோ. திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை என்று கடிதம் கொடுத்தார்கள். எல்லாரையும் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே போனால் சொன்ன சம்பளத்தில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருத்திக்கு அம்மை கண்டதும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியின் ஏட்டில் அத்தனை பேரும் வேலை பெற்றவர்கள். அந்த ஏடுதான் மேலே போகிறது, கூட்டப்படுகிறது, கடைசியில் உங்கள் கைக்கு வந்து பேரவையில் வாசிக்கப்படுகிறது.

நாடு முழுக்க எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பும் எங்களுக்கு உதவாது. அதன் வழக்கமான அளவுகோலில், வருஷத்தில் 30 நாள் துணைத் தொழிலாக ஏதாவது செய்திருந்தாலே வேலை செய்பவர் பட்டியலில் வந்துவிடலாம். ஏப்ரல், மே சீசனில் ஊட்டி காட்டேஜில் ரூம் கூட்டிய பையன் ஜூன் மாதம் முதல் வீட்டில் இருந்தாலும் அந்தக் கணக்கில் அவன் வேலையில்லாதவன் கிடையாது.

கணக்கு வைக்க இந்த அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர்ச் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ். நீதிமன்றம் சொன்னதும், 2025 ஏப்ரலில் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பு கட்டிவிட்டார்கள். எத்தனை வண்டி, எந்த ஊர் வண்டி, எந்தச் சோதனைச் சாவடி எல்லாம் சொல்ல முடிகிறது. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் கட்டிய தடுப்புச் சுவர் ஒவ்வொன்றிலும் திட்டத்தின் பெயர், மதிப்பீடு, ஆண்டு எழுதியிருக்கிறது. சுவர் சரிந்தால் யாரைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும். மேலே ஏறும் காருக்குக் கணக்கு வைக்கிறவர்கள் கீழே இறங்கும் பிள்ளைக்கு வைக்க முடியாதா?

உள்ளூரில் கேட்கலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை. எங்கள் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. அவர் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கை அடுத்த முறை பேரவைக்கு வரும்போது இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுங்கள். நீலகிரியின் ஆறு தாலுகாக்களிலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் திறன் பயிற்சிக்குச் செலவானது எவ்வளவு, பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்தும் சம்பளத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? தாலுகா வாரியாக வேண்டும். மாவட்டத்துக்கு ஒரே கூட்டுத்தொகை வேண்டாம். அது ஊட்டியைக் காட்டிப் பந்தலூரை மறைத்துவிடும். பி.எஃப். எண் இருக்கிறது, அதைக் கொண்டு சரிபார்க்கலாம், பெரிய செலவு ஆகாது. ஓராண்டுக் கணக்கு தராத பயிற்சி நிறுவனத்துக்கு மீதிப் பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

நீலகிரியின் வேலைவாய்ப்பு பற்றி எந்த ஆட்சியில் எந்த அமைச்சர் பேரவையில் உறுதி கொடுத்திருந்தாலும், அந்தப் பட்டியலைப் பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு எடுத்து விசாரிக்க வேண்டும். குழு ஊட்டிக்கு வந்து ஆய்வுக் கூட்டம் போட்டுவிட்டுத் திரும்பாமல் கூடலூரிலும் ஒரு நாள் உட்கார்ந்து மக்களைக் கேட்க வேண்டும். இங்கிருந்து ஊட்டிக்கு வர எங்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது.

வேலையில்லா இளைஞர் உதவித்தொகைக்கு ஐந்து வருஷக் காத்திருப்பை ஒரு வருஷமாக்குங்கள். வருமான வரம்பைத் தோட்டத் தொழிலாளியின் உண்மையான கூலிக்கு ஏற்ப உயர்த்துங்கள். 600 ரூபாயையும் மாற்றுங்கள்.

பிரிவு 17 நிலத்துக்கு இறுதித் தீர்வு வரும்வரை, அங்கே குடியிருப்பவர்களுக்கு வருவாய்த் துறை ஒரு குடியிருப்புச் சான்று கொடுத்து, சுயதொழில் கடனுக்கும் மின் இணைப்புக்கும் அதை ஏற்கச் செய்ய வேண்டும். அரசுத் திட்டத்தில் தேர்வான ஒருவருக்கு வங்கி கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் முடிவெடுக்க வையுங்கள்.

எங்கள் மாவட்டத்து அரசு அலுவலகங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, எத்தனை நாளாகக் காலி என்று துறைவாரியாக வெளியிடச் சொல்லுங்கள். 350 பேரில் ஒருவராகப் போட்டி போடும் பிள்ளைக்கு, தன் ஊர்த் தாலுகா ஆபீஸில் எத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

தொகுதி மேம்பாட்டு நிதியாக உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. நீலகிரியின் மூன்று உறுப்பினர்களும் எந்த ஊரில், எந்த வேலைக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலக வாசலிலும் ஒட்ட வேண்டும். அதை நீங்கள் உங்கள் தொகுதியில் தொடங்கி வைக்கலாம்.

கடைசியாக, மலைப்பகுதிப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னது அவைக் குறிப்பில் இருக்கிறது. அதே அவையில் அதைத் திரும்பப் பெறுங்கள். எனக்குத் தனியாகப் பதில் கடிதம் வேண்டாம். என்ன பதிலானாலும் மானியக் கோரிக்கை விவாதத்தன்று பேரவையில் சொல்லுங்கள். அன்றைக்குக் கடையில் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
பந்தலூர் தாலுகாவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒருத்தி